களிமண்ணுக்குக் களிமண்: வீட்டில் நேரும் சேதமும் பொறுப்பேற்றலின் வரலாறும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



மழைக்காலம் ஓய்ந்து தை பிறந்துவிட்டால், வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் கொத்து வேலை மும்முரமாகிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த பின்னரும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கடந்து தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதியில் புகுந்த பின்னரும் எத்தனையோ வீடுகளில் ஓடு மாற்றப்பட்டது, சுவர் எடுத்துக் கட்டப்பட்டது, தளம் போடப்பட்டது. இத்தகைய வேலைகளின் நடுவே எவரும் எதிர்பாராத சேதங்களும் நேர்வதுண்டு. கடைக்கால் தோண்டும்போது அண்டை வீட்டுச் சுவரில் விரிசல் விடும். சென்டரிங் பலகையைப் பிரிக்கும்போது அது விழுந்து, போட்டு ஒரு மாதம்கூட ஆகாத தரை உடையும். குழாய் பதிக்கச் சுவரைக் குடையும்போது உள்ளே ஓடும் மின்கம்பி அறுபடும். எவரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆயினும் ஒருவருடைய உழைப்பில் சேர்ந்த பொருள் அழிந்துபோயிருக்கும்.

அப்போது நம் குடும்பங்களில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கிறது. வாசலில் நின்று சத்தம் போட்டு, அந்தக் கொத்தனாரோடு உறவே முறிந்துபோகும். அல்லது அன்று வேலைக்கு வந்த சித்தாளின் கூலி பிடித்துக்கொள்ளப்படும். அல்லது "எல்லாம் விதி, என்ன செய்வது" என்று பேசாமல் இருந்துவிட்டு, உள்ளுக்குள் பல ஆண்டுகள் புழுங்கிக்கொண்டிருப்போம். இம்மூன்றும் தீர்வாகா. நம் மார்க்கத்தின் வரலாற்றிலும் நாம் வாழும் இந்த மண்ணின் வரலாற்றிலும் இக்கேள்விக்குத் தெளிவான விடைகள் உண்டு. அவற்றைக் காலவரிசையில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடித்த சுவரைக் கட்டித்தருதல்

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஹதீஸ் தொகுப்பில், அநீதிகளைப் பற்றிய பகுதியில், பிறர் சுவரை இடித்தவர் அதைப் போன்ற ஒன்றைக் கட்டித்தர வேண்டும் என்னும் கருத்தில் தனியாக ஒரு பாடம் அமைத்துள்ளார்கள். அந்தப் பாடத்தின் கீழ் அவர்கள் எடுத்துவைப்பது, நம் வீட்டுப் பெண்மணிகள் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லும் ஜுரைஜின் நிகழ்ச்சி.

பனூ இஸ்ராயீல்களில் வணக்கசாலியாக வாழ்ந்தவர் ஜுரைஜ். அவர் மீது வீண்பழி சுமத்தப்பட்டபோது, ஊரார் ஆத்திரத்தில் அவருடைய வணக்க மாடத்தை இடித்துத் தள்ளினர். அல்லாஹ் ஒரு பச்சிளங் குழந்தையைப் பேசவைத்து அவர் குற்றமற்றவர் என்பதை வெளிப்படுத்தினான். வெட்கிப்போன ஊரார், இடித்ததைத் தங்கத்தால் கட்டித்தருவதாகக் கூறினர். அவர் அதை ஏற்கவில்லை. முன்பிருந்தபடி களிமண்ணாலேயே கட்டித்தந்தால் போதும் என்றார்.

தாயின் அழைப்புக்குப் பதிலளிக்க வேண்டும் என்னும் பாடத்துக்காகவே இந்நிகழ்ச்சியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இமாம் புகாரி (ரஹ்) அவர்களோ இதிலிருந்து இழப்பீட்டின் அளவை எடுத்துக்காட்டுகிறார்கள். இடித்தவர்கள் பொறுப்பேற்றே ஆகவேண்டும். மன்னிப்புக் கேட்டதனால் சுவர் எழும்பிவிடாது. அதே வேளை, இழந்தவர் இழந்ததற்கு மேல் கேட்கக்கூடாது. களிமண் போன இடத்தில் களிமண். பிற்கால அறிஞர்கள் அதே போலக் கட்டித்தருவதா, மதிப்பைப் பணமாகத் தருவதா என்பதில் கருத்து வேறுபட்டார்கள். பொறுப்பு உண்டு என்பதில் வேறுபடவில்லை.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. அவர்களின் துணைவியர் ஒருவர் உணவுத் தட்டு ஒன்றை அனுப்பிவைத்தார். அப்போது நபியவர்கள் தங்கியிருந்த வீட்டின் துணைவியார் தன்மான உணர்வில் அதைத் தட்டிவிட, தட்டு உடைந்தது. நபி (ஸல்) அவர்கள் கடிந்து பேசவில்லை. சிதறிய உணவைத் தாமே அள்ளி எடுத்தார்கள். பின்னர் உடைத்தவர் வீட்டிலிருந்த நல்ல தட்டை அனுப்பிவிட்டு, உடைந்ததை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கோபமும் இல்லை, கணக்கும் விடுபடவில்லை.

தவறுதலுக்குப் பாவமில்லை, இழப்புக்குப் பொறுப்பு உண்டு

"வேண்டுமென்று செய்யவில்லையே" என்பது சேதம் செய்தவர் முதலில் சொல்லும் சொல். தவறுதலாகச் செய்ததற்குக் குற்றம் இல்லை என்பதை அல்குர்ஆன் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் உணர்த்துகிறது. ஆனால் அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தைப் பாருங்கள். ஓர் இறைநம்பிக்கையாளரைத் தவறுதலாகக் கொன்றுவிட்டாலும், கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு ஒப்படைக்கப்பட வேண்டும். அக்குடும்பத்தார் தாமாக விட்டுக்கொடுத்தாலொழிய அக்கடமை நீங்காது. உயிருக்கே இவ்வாறு என்றால் சுவருக்கும் தரைக்கும் சொல்லவேண்டியதில்லை.

இவ்வசனத்தில் நமக்கு இரண்டு செய்திகள் உள்ளன. தவறுதல் என்பது மறுமையின் கணக்கை நீக்கும். இம்மையின் இழப்பை நீக்காது. மேலும், விட்டுக்கொடுத்தல் இழந்தவரின் உரிமை. சேதம் செய்தவர் அதைத் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ள முடியாது. ஊர்ப் பெரியவர்களும் இழந்தவரை நெருக்கி அதைப் பறிக்கக்கூடாது.

அனுப்பியவரும் பொறுப்பாளரே

வேலையை ஒப்புக்கொண்டவர் ஒருவர், சேதம் செய்தவர் அவருடைய ஆள் என்னும்போது யார் பதில் சொல்வது? ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், மக்கா வெற்றிக்குப் பின் நிகழ்ந்த ஒன்றை இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அவர்களின் வரலாற்று நூல் பதிவு செய்துள்ளது. காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா குலத்தாரிடம் அனுப்பப்பட்டபோது, தவறான புரிதலால் அங்கே உயிர்களும் பொருள்களும் அழிந்தன. செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள், காலிதின் செயலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். ஆனால் அத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை. அலி (ரலி) அவர்களிடம் பொருள் கொடுத்து அனுப்பினார்கள். உயிர்களுக்கான ஈட்டுத்தொகையும், அழிந்த பொருள்களுக்கான ஈடும் வழங்கப்பட்டன. நாய் நீர் குடிக்கும் மரக்குவளைக்குக்கூட விலை கொடுக்கப்பட்டது. மீதமிருந்த தொகையையும், கணக்கில் வராமல் விடுபட்டவற்றுக்காக இருக்கட்டும் என்று அலி (ரலி) அவர்கள் அவர்களிடமே விட்டுவந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைப் பாராட்டினார்கள்.

"நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை" என்பது உண்மையாகவே இருந்தாலும், ஆளை அனுப்பியவரின் பொறுப்பு அதனால் தீர்ந்துவிடவில்லை. தம் ஆட்கள் செய்த சேதத்துக்குச் சித்தாளையும் பெரியாளையும் கைகாட்டிவிட்டு ஒதுங்கும் மேஸ்திரிகளும் கான்ட்ராக்டர்களும் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ள வேண்டும்.

கைவினைஞர்களும் காழிகளும்

நபித்தோழர்களின் காலத்தில் நகரங்கள் விரிந்தன. சாயத் தொழிலாளர், பொற்கொல்லர், தையலர், சலவையாளர் எனப் பலரிடமும் மக்கள் தம் பொருள்களை ஒப்படைக்கத் தொடங்கினர். பொருள் கெட்டுவிட்டால் "என் கையில் இல்லை" என்று சொல்வது எளிதாயிற்று. கைவினைஞர்களைப் பொறுப்பாளிகளாக்கித் தீர்ப்பளித்ததாக அலி (ரலி) அவர்களைப் பற்றி ஓர் அறிவிப்பு உண்டு. மக்களுக்கு இதுவன்றி வேறு சரிவராது என்று அவர்கள் காரணம் கூறியதாகவும் அதில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் வலுவானதாகக் கொள்ளவில்லை. ஆயினும் பிற்காலத்தில் இமாம் ஷாத்திபீ (ரஹ்) போன்றோர், பொதுநலன் கருதி வகுக்கப்பட்ட சட்டத்துக்கு இதையே எடுத்துக்காட்டாகக் கூறினர்.

கூஃபாவின் காழி ஷுரைஹ் (ரஹ்) அவர்களிடம் ஒரு வழக்கு வந்தது. ஒரு சலவையாளரின் வீடு தீப்பற்றி, வாடிக்கையாளரின் துணியும் எரிந்துபோயிற்று. ஷுரைஹ் அவரையே பொறுப்பாளியாக்கினார். "என் வீடே எரிந்துவிட்டது, என்னிடமா ஈடு கேட்கிறீர்கள்?" என்ற பொருளில் அவர் முறையிட்டார். துணிக்காரரின் வீடு எரிந்திருந்தால் நீர் உமது கூலியை விட்டுக்கொடுத்திருப்பீரா என்று காழி திருப்பிக் கேட்டார். கடுமையான தீர்ப்புதான். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவுமில்லை.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், பலருக்கும் பொதுவாக வேலை செய்யும் கைவினைஞர் தம் செயலால் கெடுத்ததற்குப் பொறுப்பாவார். அவர் செயலின்றி அவரிடத்தில் அழிந்ததற்குப் பொறுப்பாகமாட்டார் என்றார்கள். அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும், திருட்டைப் போலத் தவிர்த்திருக்கக்கூடிய இழப்புக்கும் அவர் பொறுப்பாவார். ஊரையே சூழும் தீயைப் போலத் தவிர்க்கவே முடியாததற்கு மட்டும் பொறுப்பில்லை என்றனர். நம் பகுதிக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். புயலில் பறந்த ஓட்டுக்கு மேஸ்திரி பொறுப்பல்லர். புயல் எச்சரிக்கை வந்த பின்னரும் அவர் மூடாமல் விட்டுச்சென்ற கூரையின் வழியே நீர் இறங்கி வீடு நனைந்தால், அது வேறு.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு சிந்திக்கத்தக்கது. கைவினைஞரின் கைகள் இழைத்த குற்றத்துக்கன்றி அவர் மீது பொறுப்பில்லை என்பதே அவர்களின் உள்ளக் கருத்து. ஆனால் மக்களின் பொருள்கள் பாழாகிவிடுமோ என்று அஞ்சி அதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லவில்லை என அவர்களின் மாணவர் ரபீஉ (ரஹ்) கூறுகிறார். தொழிலாளிக்கு நீதியும் வேண்டும். அந்நீதியைக் கேடயமாக்கிக்கொண்டு அலட்சியம் வளரவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே அவர்கள் எவ்வளவு கவனமாக நடந்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. மேலும், வேலை நடப்பது உரிமையாளரின் வீட்டிலேயே, அவர் முன்னிலையிலேயே என்றால், பொருள் அவருடைய கைவசமே இருப்பதாகக் கருதி, வரம்பு மீறலோ கவனக்குறைவோ இல்லாதவரை தொழிலாளி பொறுப்பாகமாட்டார் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. தமிழ் முஸ்லிம்களாகிய நம்மிடையே ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் உள்ளனர். எனவே நம் ஊர் வழக்கைத் தீர்க்கும் ஆலிம்கள் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்வார்கள்.

தொழில் தெரியாதவரின் நிலையோ வேறு. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் நேரும் கேட்டுக்குப் பொறுப்பாவார் என்னும் கருத்துள்ள நபிமொழி அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் உள்ளது. மின்வேலை கற்காமலே வயரிங்கை ஒப்புக்கொள்பவருக்கும் இதில் எச்சரிக்கை உண்டு.

சித்தாள் வேறு, கான்ட்ராக்டர் வேறு

இக்கருத்துகளைத் துருக்கிய உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரையில் ஒரு சட்டத் தொகுப்பாக வெளியிட்டது. மஜல்லா எனப்படும் அத்தொகுப்பில் 1851 பிரிவுகள் உள்ளன. ஹனஃபி ஃபிக்ஹின் அடிப்படையில் அமைந்த அதில், ஒருவருக்காக மட்டும் நேரக்கணக்கில் உழைக்கும் கூலியாளும், வேலையை ஒப்புக்கொண்டு பலருக்கும் செய்துதரும் தொழிலாளியும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளனர். முன்னவர் நம்பிக்கைக்குரியவர்; அவரிடம் வரம்பு மீறலோ அலட்சியமோ இருந்தாலன்றி ஈடு கேட்கமுடியாது என்பது 610ஆம் பிரிவின் சாரம். பின்னவர் தம் செயலால் நேர்ந்த சேதத்துக்கு, வரம்பு மீறினாலும் மீறாவிட்டாலும் பொறுப்பாவார் என்பது 611ஆம் பிரிவின் சாரம்.

நாள் கூலிக்கு வந்த சித்தாளின் கூலியைப் பிடிப்பது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும். கேட்கவேண்டிய இடம், வேலையை மொத்தமாக ஒப்புக்கொண்டவரே. கூலியாளிடம் முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்னும் நபிமொழியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். உடைந்த தரையின் மதிப்பு பெரிதுதான். ஆனால் அந்த வழக்கைவிடப் பெரிதன்று.

வில்லியனூரும் பாகூரும் கண்ட சட்டங்கள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வில்லியனூர், பாகூர் பகுதிகள் பிரெஞ்சுக்காரர் வசமாயின. 1804இல் பிரான்சில் இயற்றப்பட்ட கோட் சிவில் என்னும் உரிமையியல் சட்டம், 1819 ஜனவரி 6ஆம் நாளிட்ட ஆணையால் இங்கே நடைமுறைக்கு வந்தது. இந்தியர்கள், கிறிஸ்தவராயினும் முஸ்லிம்களாயினும் இந்துக்களாயினும், முன்போலவே தத்தம் சட்டங்கள், வழக்கங்களின்படியே தீர்ப்புப் பெறுவர் என்றும் அதே ஆணை கூறியது. நம் முன்னோரின் நிகாஹ், பாகப்பிரிவினை போன்றவை ஷரீஅத்தின்படி தொடர அது வழிவிட்டது. பின்னர் 1880ஆம் ஆண்டின் ஆணையால் கொம்யூன்கள் ஏற்படுத்தப்பட்டபோது, வில்லியனூரும் பாகூரும் அவற்றுள் இரண்டாக இடம்பெற்றன. இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்றே அவற்றை அழைக்கிறோம்.

அந்தக் கோட் சிவில் கட்டட வேலையைப் பற்றி என்ன சொல்லிற்று? வேலையாள் தம் உழைப்பை மட்டும் தந்து, பொருள் மற்றவருடையதாக இருந்து, அது அழிந்தால், வேலையாள் தம் குற்றத்துக்கு மட்டும் பொறுப்பாவார் என்றது 1789ஆம் பிரிவு. மொத்தத் தொகை பேசிக் கட்டப்பட்ட கட்டடம், கட்டுமானக் குறையாலோ நிலத்தின் குறையாலோ அழிந்தால், பத்து ஆண்டுகள் வரை கட்டடக் கலைஞரும் ஒப்பந்தக்காரரும் பொறுப்பு என்றது 1792ஆம் பிரிவு. ஒப்பந்தக்காரர் தாம் அமர்த்திய ஆட்களின் செயலுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றது 1797ஆம் பிரிவு. கொத்தர், தச்சர் போன்றோர் தாமே நேரடியாகத் தொகை பேசி வேலை எடுத்தால், அந்த வேலையளவில் அவர்களும் ஒப்பந்தக்காரர்களே என்றது 1799ஆம் பிரிவு.

பாரிஸில் எழுதியவர்களும் கூஃபாவில் தீர்ப்பளித்தவர்களும் வெவ்வேறு வழியில் வந்தவர்கள். ஆயினும் கூலியாளையும் ஒப்பந்தக்காரரையும் பிரித்துப் பார்ப்பதிலும், அமர்த்தியவரைப் பொறுப்பாக்குவதிலும் அவர்கள் நெருங்கி வருகிறார்கள். நீதியைத் தேடும் மனித இயல்பை அல்லாஹ் அவ்வாறு படைத்திருக்கிறான்.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. அதன் பின் இந்தியச் சட்டங்கள் படிப்படியாக இங்கு விரிவாக்கப்பட்டன. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வீடு கட்டித்தருவதும் அச்சட்டத்தின்படி ஒரு சேவையே என்று லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பணம் கொடுத்துப் பெற்ற சேவையில் குறை இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

வேலை கொடுத்தவரல்லாத மூன்றாமவரின் வீடு பாதிக்கப்படுவதும் உண்டு. 2024 ஜனவரியில் புதுச்சேரி ஆட்டுப்பட்டியில், உப்பனாறு வாய்க்கால் ஓரத்தில் புதிதாகக் கட்டப்பட்டுக் குடிபுகும் நாளுக்குக் காத்திருந்த மூன்று மாடி வீடு ஒன்று சாய்ந்து விழுந்தது. பக்கத்தில் வாய்க்கால் பணி நடந்துகொண்டிருந்தது. அதற்காகத் தோண்டிய பள்ளமே காரணம் என்று அப்பகுதியினர் குற்றம் சாட்டினர். பல ஆண்டுச் சேமிப்பு சில நொடிகளில் மண்ணாவதை மக்கள் தம் கைப்பேசிகளில் கண்டனர். நம் மனையில் நாம் தோண்டும் கடைக்காலும் அடுத்தவருக்கு இதைச் செய்யக்கூடும் என்பதை அன்று எத்தனை பேர் எண்ணிப்பார்த்தோம்?

நாம் கற்றுக்கொள்வது

இவ்வரலாறு நம் இல்லங்களில் நடைமுறையாக வேண்டுமானால், சில பழக்கங்கள் தேவை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அதே ஒழுங்கில், வேலை தொடங்குமுன் தொகை, பொருள், கால அளவு ஆகியவற்றோடு, சேதம் நேர்ந்தால் யார் சரிசெய்வது என்பதையும் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுவது நல்லது. அவநம்பிக்கை என்று இதை எவரும் எண்ண வேண்டாம். அண்டை வீட்டுச் சுவர், தரை, குழாய்கள் ஆகியவற்றை வேலைக்கு முன்பே படம் எடுத்து வைத்தால், பழைய விரிசலைப் புதிய விரிசல் என்று எவரும் சொல்லமுடியாது.

சேதம் நேர்ந்துவிட்டால், அன்றே ஒப்பந்தக்காரரை அழைத்துக் காட்ட வேண்டும். அவர் கண்ணால் பார்க்குமுன் இடித்து மாற்றிவிட்டால் உண்மை மறைந்துபோகும். எப்படி நேர்ந்தது, தவிர்த்திருக்க முடியுமா, யாருடைய செயலால் என்று அமைதியாக விசாரிக்க வேண்டும். சுவரின் உள்ளே குழாய் ஓடுவது நமக்குத் தெரிந்தும் அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தால், நம் பங்கையும் ஒப்புக்கொள்வதே நேர்மை. ஈடு கேட்கும்போது ஜுரைஜின் அளவுகோல் நம் கையில் இருக்கட்டும்: சிமெண்ட் தரை உடைந்ததைச் சாக்காக்கி மார்பிள் கேட்கக்கூடாது. நாள் கூலிக்காரர்களின் கூலியை இவ்வழக்கோடு கலக்காமல் உடனே கொடுத்துவிட வேண்டும்.

பேசித் தீரவில்லையானால், இரு தரப்பும் ஏற்கும் ஓர் ஆலிமையும், கட்டடம் அறிந்த ஒருவரையும் சேர்த்து ஜமாஅத்தில் உட்காரலாம். சமரசம் சிறந்தது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 128ஆம் வசனத்தில் அல்லாஹ் கூறுவது கணவன் மனைவி பற்றியதாயினும், அறிஞர்கள் அதைப் பொதுவாகவும் எடுத்துக்கொண்டனர். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை நாடுவதில் தவறேதுமில்லை. உரிமையைக் கேட்பது உலக ஆசை ஆகிவிடாது.

சேதம் செய்தவர் ஏழை, உண்மையிலேயே கொடுக்க முடியாதவர் என்றால், அவருக்கு அவகாசம் கொடுப்பதும், இயன்றால் விட்டுக்கொடுப்பதும் நமக்கே நன்மை என்பதை அல்பகராவின் 280ஆம் வசனம் நினைவூட்டுகிறது. ஆனால் விட்டுக்கொடுப்பதானால் மனதார விட்டுக்கொடுக்க வேண்டும். வாயால் விட்டுவிட்டு, பல ஆண்டுகள் கழித்தும் தெருவில் அவரைக் காணும்போதெல்லாம் முகம் திருப்பிக்கொள்வது விட்டுக்கொடுத்தல் ஆகாது.

நம்மில் கொத்தனாராக, எலக்ட்ரீசியனாக, கான்ட்ராக்டராகத் தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்துமாறு தம் தந்தையிடம் பரிந்துரைத்த பெண்மணி, வலிமையும் நம்பிக்கையும் உடையவர் என்னும் இரு பண்புகளையே கூறினார் என்று அல்கஸஸ் அத்தியாயத்தின் 26ஆம் வசனம் தெரிவிக்கிறது. தொழில்திறன் வலிமை, உடைத்ததைத் தாமே முன்வந்து சொல்வது நம்பிக்கை. சொல்லாமல் பூசி மறைத்த விரிசல் அடுத்த மழையில் வெளியே வந்துவிடும். வெளியே வராமல் போனாலும், அல்லாஹ்விடம் மறைந்துவிடாது.

நம் வீடுகளையும் நம் கொடுக்கல் வாங்கல்களையும் நீதியின் மீது நிலைநிறுத்த வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.